14 மாதமாகிறது, அவசரத்துக்குக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. உங்களுக்கு ஆட்கள் எப்படிக் கிடைத்தார்கள்?

#1 ஐந்தொகை (ஜெர்மனி)

வணக்கம். இங்கே நெடுநாளாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் முறை.

ஜெர்மனிக்கு வந்து 14 மாதம். கணவருக்கு ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதி), எனக்குத் துணைவி விசா. ப்ளூ கார்டுக்காரரின் துணை என்பதால் வருவதற்கு முன் ஏ1 என்ற அடிப்படை ஜெர்மன் தேர்வு எழுதும் கட்டாயம் இல்லை. அப்போது அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். வந்த நாளிலிருந்து வேலை செய்யவும் சட்டப்படி தடை இல்லை. தடை எல்லாம் என் வாயில்தான்.

9 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். தணிக்கைக்காரர்கள் வந்தால் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வது நான்தான். ஒரு நாளும் குரல் நடுங்கியதில்லை.

போன வாரம் பல் மருத்துவரிடம் போனில் நேரம் வாங்க வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, நாலு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்த பெண், என் தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். போனை வைத்துவிட்டேன். மாலையில் கணவர் பேசி நேரம் வாங்கினார். அவர் பேசியது மொத்தம் 40 வினாடி.

மொழி வந்தால்தான் ஆட்கள், ஆட்கள் இருந்தால்தான் மொழி, இரண்டும் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் தைரியம், தைரியம் இருந்தால்தான் போனை வைக்காமல் பேச முடியும். இப்படியே சுற்றுகிறது. உங்களுக்கு இதில் எது முதலில் வந்தது?

"வெளியே போய் நாலு பேரிடம் பேசு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள்.

#2 தூரத்துப்பச்சை (ஜெர்மனி, 9 வருடம்)

வாங்க. முதலில் பல் விஷயம். அந்தப் பெண் கேட்டது "ஏற்கெனவே எங்களிடம் வந்திருக்கிறீர்களா?" அல்லது "பொதுக் காப்பீடா, தனியார் காப்பீடா?" இரண்டில் ஒன்று. பந்தயம்.

போன்தான் கடைசியில் வசப்படும். நேரில் என்றால் முகம் இருக்கிறது, கை இருக்கிறது, வாயசைவு இருக்கிறது. போனில் எதுவும் இல்லை. அதனால் போனில் தோற்றதை வைத்து உங்களுக்கு மார்க் போட்டுக்கொள்ளாதீர்கள். எழுதி வைப்பதாக இருந்தால் முதல் வாக்கியமாக இதை எழுதுங்கள்: "நான் ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன், மெதுவாகப் பேச முடியுமா?" பத்தில் எட்டுப் பேர் வேகத்தைக் குறைப்பார்கள். மீதி இரண்டு பேர் சத்தத்தைக் கூட்டுவார்கள், அது வேறு கதை.

அப்புறம், புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர்ந்தீர்களா? மொழிக்கு 600 மணி, நாட்டு நடப்பு, சட்டம், வரலாற்றுக்கு 100 மணி. முடிவில் தேர்வு எழுதித் தேறினால் பி1, அதாவது நடுத்தர நிலைச் சான்றிதழ், கையில் வரும்.

#3 சும்மா_ஒருவன்

பந்தயத்துக்கு நான் சாட்சி.

#4 ஐந்தொகை

இரண்டாவது! காப்பீடு! அக்கா, நீங்கள் அங்கே வரவேற்பு மேசையிலா இருக்கிறீர்கள்?

வகுப்பில் இருக்கிறேன். ஏ2 முடிந்தது, பி1 ஓடுகிறது. 17 பேர், ஆளுக்கொரு மொழி. பாடப் புத்தகத்தில் சந்தையில் பேரம் பேசும் உரையாடலை நன்றாகவே பேசுவேன். இடைவேளையில் எல்லாரும் போனைப் பார்க்கிறோம்.

#5 நடுச்சாமம் (ஆஸ்திரேலியா, செவிலியர்)

14 மாதம் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. லிஸ்கார்ட் என்ற நார்வேக்காரர் 1955இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க உதவித்தொகையோடு அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் பேசிப் பார்த்தார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்கள் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். 18 மாதம் தாண்டியவர்களும் அப்படியே. நடுவில், 6 முதல் 18 மாதம் வரை இருந்தவர்கள்தான் ஒட்டாமல் தவித்திருக்கிறார்கள். இந்த வளைவு எல்லாருக்கும் இப்படித்தான் வரும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் ஒப்புக்கொள்ளவில்லை, சிலருக்கு முதல் நாளே பள்ளம்தான். ஆனாலும் மாதக் கணக்கைப் பாருங்கள். உங்கள் குணத்தில் ஏதோ ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

என் கதை. ஆங்கிலத் தேர்வில் கேட்ட மதிப்பெண் எல்லாம் வாங்கித்தான் இங்கே பதிவு பெற்றேன். முதல் வாரம், பணி மாற்றும்போது ஒரு சக செவிலியர் "திஸ் ஆர்வோ" டாக்டர் வருவார் என்றார். ஆர்வோ யார், புது மருத்துவரா என்று யோசித்துக்கொண்டே தலையாட்டினேன். பிற்பகலை இங்கே அப்படித்தான் சுருக்குகிறார்கள். அந்த வாரம் முழுக்க நான் ஆட்டிய தலையை எண்ணியிருந்தால் கின்னஸில் வந்திருப்பேன்.

தலையாட்டுவதுதான் ஆபத்து. நோயாளி விஷயத்தில் புரியாமல் தலையாட்டினால் ஒருநாள் யாருக்காவது எதாவது ஆகிவிடும் என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதானது. சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். ஒரு சொல் புரியவில்லை என்றால் அங்கேயே எடுத்து, "எழுதிக்கொள்கிறேன், இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்பேன். ஒரு மாதத்தில் அவர்களே "இந்தா, இன்று ஒரு புதுச் சொல்" என்று கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். நோட்டு எனக்கு மொழியைவிட ஆட்களைத்தான் அதிகம் கொடுத்தது.

#6 எதிர்க்கட்சி (கனடா)

நல்ல கதைகள். ஆனால் எனக்கு இந்தத் "தன்னம்பிக்கை" என்ற பேச்சே பிடிக்காது. வந்தவனிடம் குறை இருக்கிறது, அவன் நிமிர்ந்து நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி இருக்கிறது.

டொராண்டோவில் ஓரியோபௌலஸ் என்ற பொருளியல் பேராசிரியர் ஆயிரக்கணக்கான போலி விண்ணப்பங்களை வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒப்பிடும்படி வைத்துக்கொண்டு பெயரை மாற்றினார். ஆங்கிலப் பெயருக்கு வந்த அளவுக்கு அழைப்பு இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு வரவில்லை. 2011இல் வெளியானது. அந்தக் காகிதங்களுக்குத் தன்னம்பிக்கை குறைவா?

என் கூட வந்த பொறியாளர்கள் பலர் "கனடிய அனுபவம் இருக்கிறதா" என்ற ஒற்றைக் கேள்வியில் வருடக்கணக்கில் நின்றார்கள். வேலை கிடைத்தால்தானே அனுபவம்? ஒண்டாரியோவில் பொறியாளர் உரிமத்துக்கு அந்த நிபந்தனையை 2023 மே மாதத்தில்தான் எடுத்தார்கள். வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது என்ற விதி 2026 ஜனவரி 1 முதல்தான். மாறியது சட்டம். அதற்காகச் சண்டை போட்டவர்கள் இருந்ததால் மாறியது. யாரும் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்து மாற்றவில்லை.

சகோதரி, உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் படிப்புக்கு அங்கே என்ன மதிப்பு என்று எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

#7 தூரத்துப்பச்சை

எதிர்க்கட்சி சொல்வதில் பாதி சரி. ஜெர்மனியில் 2012 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுத் தொழிற்படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவர், செவிலியர், ஆசிரியர் மாதிரியான தொழில்களுக்கு அந்த அங்கீகாரம் இல்லாமல் கதவே திறக்காது. கணக்கு வேலை அப்படியில்லை. வரி ஆலோசகர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளத்தான் தேர்வும் உரிமமும் வேண்டும். ஓர் அலுவலகத்தில் சம்பளத்துக்குக் கணக்கு எழுதும் வேலைக்கு அந்த உரிமம் தேவையில்லை. வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் அனாபின் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். பட்டத்துக்கு ஒப்பீட்டுச் சான்றிதழும் வாங்கலாம்.

நிஜத் தடை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். இங்கே வரி ஆலோசகர் அலுவலகங்களில் பெரும்பாலும் டாடேவ் என்ற கணக்கு மென்பொருள்தான். அது தெரியாது என்றால் 9 வருட அனுபவம் இருந்தும் புதுப் பயிற்சியாளரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பி1 முடிந்ததும் வேலைக்கான மொழி வகுப்பு என்று தனியாக இருக்கிறது, அதில் சேருங்கள்.

#8 பனிக்குல்லா (கனடா)

எதிர்க்கட்சி, நானும் உங்கள் ஊர்தான், நானும் பொறியாளன்தான், நானும் அந்தக் கேள்வியில் நின்றவன்தான். 3 வருடம் ஒரு கிடங்கில் இரவு வேலை. இங்கே அதை "சர்வைவல் ஜாப்", பிழைப்புக்கான வேலை, என்பார்கள், உங்களுக்குத் தெரியும். பகலில் தூக்கம், மாலையில் விண்ணப்பம். எத்தனை அனுப்பினேன் என்று எண்ணுவதை 200இல் நிறுத்தினேன்.

வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? சனிக்கிழமை மகளைப் பனிச்சறுக்கு வகுப்புக்குக் கூட்டிப் போவேன். 45 நிமிடம். பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து விறைத்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் எப்போதும் ஒரே ஆள். முதல் மாதம் தலையசைப்பு. இரண்டாம் மாதம் குளிரைத் திட்டினோம். மூன்றாம் மாதம் "என்ன வேலை" என்று கேட்டார், சொன்னேன். "என் மைத்துனன் கம்பெனியில் வரைபடம் சரிபார்க்க ஆள் தேடுகிறார்கள், உன் விண்ணப்பத்தை அனுப்பு" என்றார். அவர் முழுப்பெயர்கூட எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம்தான் படித்தேன், இது ஒன்றும் அதிசயம் இல்லையாம். கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே எழுதிவிட்டார். பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம் "சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 16.7 விழுக்காடு. எப்போதாவது என்றவர்கள் 55.6. அபூர்வமாக என்றவர்கள் 27.8. காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது எல்லாம் எனக்கும் தெரியும், இருவரும் ஒரே குட்டையில்தான் இருக்கிறோம். பெஞ்சுக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

2022இல் வெளியான ஓர் ஆய்வில், லிங்க்டின் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து இதையே பரிசோதித்தார்கள். அங்கேயும் அரைகுறைப் பழக்கம்தான் வேலை வாங்கிக் கொடுத்தது. மிக மிகக் குறைவாகத் தெரிந்தவரும் அவ்வளவாக உதவவில்லை, நெருங்கியவரும் அவ்வளவாக உதவவில்லை, நடுவில் இருப்பவர்தான் அதிகம் உதவினார்.

அதனால் தங்கச்சி, "நட்பு" என்ற பெரிய சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பெஞ்சு தேடுங்கள்.

#9 எதிர்க்கட்சி

பெஞ்சில் மைத்துனன் இல்லாதவன் என்ன செய்வான்? அதிர்ஷ்டத்துக்கு ஆய்வு ஆதாரம் காட்டுகிறீர்கள்.

#10 பனிக்குல்லா

200 விண்ணப்பமும் அதிர்ஷ்டம்தான். பெஞ்சில் குறைந்தபட்சம் பக்கத்தில் ஆள் இருந்தார். உரிமத்துக்காக நீங்கள் போட்ட மனுவில் நானும் கையெழுத்துப் போட்டவன், மறக்காதீர்கள்.

#11 நெடுஞ்சாலை (சுவீடன்)

ஒரே வழி. நம் ஆட்களை விட்டு விலகுங்கள். அரசு இலவசமாக மொழி சொல்லித் தருகிறது, ஆனால் மாலையில் நம் சங்கத்தில் போய் உட்கார்ந்தால் அது எப்படி வாயில் ஒட்டும்? நான் முதல் இரண்டு வருடம் தமிழில் யாரோடும் பேசவில்லை. இன்று நன்றாக இருக்கிறேன்.

#12 நடுச்சாமம்

நன்றாக இருக்கிறவர் இரண்டு வருடம் பேசாத தமிழில் இங்கே வந்து எழுதுகிறார். சரி சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் மகன் பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து வந்த முதல் மூன்று வாரம் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் எல்லாரும் தமிழ்ச் சங்கத்து அக்காக்கள்தான். ஒருத்தி துணி துவைத்தாள், ஒருத்தி நான் தூங்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் இந்த ஊர் மொழியில் "தூக்கம் வருகிறது, அழுகை வருகிறது" என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சொந்த ஆட்களும் வேண்டும், புது ஆட்களும் வேண்டும். ஜான் பெர்ரி என்ற உளவியலாளரின் ஆய்வுகளிலும் பெரும்பாலும் இதுதான் வருகிறது: தன்னுடையதை வைத்துக்கொண்டே புதியதிலும் கலப்பவர்கள்தான் ஒப்பீட்டளவில் நிம்மதியாக இருக்கிறார்கள். எதிலும் சேராமல் நிற்பவர்களுக்குத்தான் அதிகச் சிரமம்.

#13 பெயர்வேண்டாம்

சொந்த ஆட்களைப் பற்றி இன்னொரு பக்கமும் எழுத வேண்டும். நாடு, ஊர் சொல்லவில்லை.

வந்த புதிதில் நம் மொழி பேசும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். "நம்ம பையன், பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சம்பளம் கையில், ரசீது கிடையாது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட வராது. கேட்டால் "உன் விசா விஷயம் எனக்குத் தெரியும்" என்பார். நாட்டு மொழி தெரியாததால் அவர் சொன்னதுதான் சட்டம் என்று 8 மாதம் நம்பினேன். நூலகத்தில் நடக்கும் மொழி வட்டத்துக்கு ஒரு நாள் போனபோது, நடத்திய வயதான அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு நடப்பது தப்பு என்றே புரிந்தது. தொழிலாளர்களுக்கு இலவச ஆலோசனை தரும் இடத்துக்கு அவரே கூட்டிப் போனார். நிலுவையில் ஒரு பகுதி வந்தது.

சங்கத்தைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு சன்னல் இருக்கிற வீட்டில், அந்தச் சன்னலில் நிற்பவர் சொல்வதுதான் வெளியுலகம். இரண்டாவது சன்னல் வேண்டும். அப்புறம் புதிதாக வருகிறவர்களுக்கு: வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவரிடமிருந்து ஓடுங்கள். எந்த மொழி பேசினாலும்.

#14 நெடுஞ்சாலை

இதைத்தான் நானும் சொன்னேன்.

#15 சும்மா_ஒருவன்

இல்லை, அவர் இரண்டு சன்னல் என்றார். நீங்கள் ஒன்றை அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறக்கச் சொன்னீர்கள்.

#16 மட்டுறுத்துநர்

இதற்குப் பின் வந்த 6 பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த நாட்டுக்காரர் சோம்பேறி என்பது இந்த இழையின் பொருள் இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்.

#17 அரைமொழி (இங்கிலாந்து)

கேட்டவருக்குப் பதில்.

எனக்குத் திக்குவாய். தமிழிலேயே திக்கும், ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே பேச்சு குறைவாக இருக்கிற இடமாகத் தேடினேன். பார்க்ரன் என்று ஒன்று, 2004இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு ஆரம்பித்தது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. சனிக்கிழமை காலை 9 மணி, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. நான் ஓடப் போகவில்லை. எல்லாம் தன்னார்வலர்களை வைத்துத்தான் நடக்கிறது, அதில் ஓடி முடித்தவர்களின் பட்டைக் குறியீட்டை ஸ்கேன் செய்யும் வேலையை வாங்கிக்கொண்டேன். பேச வேண்டியது ஒரே வாக்கியம்: "நன்றாக ஓடினீர்கள்." ஒரு காலையில் அதை 140 முறை சொன்னேன். 140 பேர் மூச்சிரைக்க நன்றி சொன்னார்கள். நாலாவது வாரம் ஒருவர் "போன வாரம் உன்னைக் காணோமே" என்றார். வந்து 2 வருடத்தில் நான் இல்லாததை ஒருவர் கவனித்தது அதுதான் முதல் தடவை. பேருந்தில் உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

கணக்குக்காரம்மாவுக்கு ஒரு கணக்கு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு. சமீபத்தில் ஊர் மாறியவர்களிடம்தான் கேட்டார். தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பராக 90. நெருங்கிய நண்பராக 200க்கு மேல். இதில் வேலையிடத்தில் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு மதிப்புக் குறைவாம்.

#18 ஐந்தொகை

எல்லாருக்கும் நன்றி. மூன்று முறை படித்தேன். பெயர்வேண்டாம் எழுதியதைக் கணவரிடமும் படித்துக் காட்டினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் 2 மணி நேரம் ஒரே ஆட்களோடு இருந்தால் 50 மணிக்கு 25 வாரம். அரை வருடம். அதுவும் சாதாரண நண்பருக்குத்தான். 14 மாதத்தில் வகுப்பைத் தவிர எந்த இடத்துக்கும் நான் இரண்டாம் தடவை போனதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஒரு கூட்டத்துக்குப் போவேன், யாரும் பேசவில்லை என்று வந்துவிடுவேன், அடுத்த மாதம் வேறு கூட்டம். ஆக என் கணக்கில் எப்போதும் 2 மணி நேரம்தான். மறுபடி பூஜ்யம்.

அப்புறம், எனக்குப் "பேசும்" இடம் வேண்டாம். கையில் ஒரு வேலை இருக்கிற இடம் வேண்டும். ஜெர்மனியில் அப்படி என்ன இருக்கிறது, அக்கா?

#19 தூரத்துப்பச்சை

இங்கே எதற்கும் ஒரு ஃபெராயின் உண்டு, அதாவது பதிவு செய்த சங்கம். 7 பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம் என்பதால் புறா வளர்ப்பு முதல் தோட்டம் வரை எல்லாவற்றுக்கும் சங்கம். உங்கள் பகுதியில் ரிப்பேர் கஃபே இருக்கிறதா பாருங்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்தது. உடைந்த பொருளைக் கொண்டுவருவார்கள், ஓய்வுபெற்ற தாத்தாக்கள் இலவசமாகச் சரிசெய்வார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர், பொருள், என்ன கோளாறு என்று தாளில் எழுதும் ஆளுக்கு எப்போதும் பஞ்சம்.

மூன்று கேள்விதான். உங்கள் பெயர் என்ன, என்ன கொண்டுவந்தீர்கள், அதற்கு என்ன ஆயிற்று. எழுதி வைத்துக்கொண்டே போகலாம், அங்கே தாளை யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

#20 ஐந்தொகை (ஏழு வாரம் கழித்து)

மாதம் இரண்டு சனிக்கிழமை. மூன்று முறை போய்விட்டேன்.

முதல் நாள் ஒருவர் கொண்டுவந்த பொருளின் பெயரை நான் காதில் விழுந்தபடி எழுதினேன். உள்ளே இருந்த தாத்தா தாளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஈஸ்திரிப் பெட்டி என்று எழுதுவதற்குப் பதில் வேறேதோ எழுதியிருக்கிறேன், என்ன என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறார். மற்றபடி நல்லவர். ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பெயர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். பற்றவைக்கும் கம்பிக்கு ஜெர்மனில் என்ன என்று எனக்குத் தெரியும். தமிழில் அதற்கு ஈயம் என்ற சொல்லே அங்கே உட்கார்ந்துதான் நினைவுக்கு வந்தது.

பேசும் இடம் வேண்டாம் என்றேன் அல்லவா. மின்விளக்கின் வயரைப் பற்றி ஒரு பாட்டி 20 நிமிடம் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. அவர் கணவர் வாங்கிக் கொடுத்த விளக்கு, அவர் இப்போது இல்லை. அந்தப் பாதி புரிந்தது.

#21 நடுச்சாமம்

அந்தப் பாதி போதும்.

#22 எதிர்க்கட்சி

நல்லது. அனாபினில் பார்த்தீர்களா?

#23 ஐந்தொகை

பார்த்தேன் அண்ணா. பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறது. ஒப்பீட்டுச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். உங்களுக்குப் பயந்துதான்.

#24 ஐந்தொகை (ஏழு மாதம் கழித்து)

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன்.

பி1 முடிந்தது. ரிப்பேர் கஃபேயை நடத்துவதும் ஒரு ஃபெராயின்தான். பிப்ரவரியில் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதற்கு முன் காஸன்ப்ரூஃபர் என்று இரண்டு பேர் வருடக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்களுடைய சங்க விதி. அந்தப் பொறுப்புக்கு ஒருவரும் கை தூக்க மாட்டார்களாம். ஈஸ்திரிப் பெட்டித் தாத்தா "இவள் கணக்குக்காரிதானே" என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் நடந்த ஒரு கூட்டத்திலேயே என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், எதற்குக் கை தூக்குகிறார்கள் என்று புரியாமல் நானும் தூக்கினேன்.

பொருளாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கோப்பு, ஒரு தகரப் பெட்டி. ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்க ஆரம்பித்தேன். அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு ஜெர்மன் தெரியாது என்பதே மறந்துபோனது. எண்ணுக்கு எந்த மொழியும் இல்லை. கூட்டலில் 11 யூரோ 40 சென்ட் இடித்தது. ஒரு தபால்தலை ரசீதை இரண்டு இடத்தில் எழுதியிருந்தார்கள். சுட்டிக் காட்டினேன். பொருளாளர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது பழைய பார்வை. தணிக்கை மேசையில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கும் பார்வை. இரண்டு வருடமாக யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் எழுந்து மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். கணக்கைப் பார்த்தோம், சரியாக இருக்கிறது, நிர்வாகக் குழுவைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப் பரிந்துரைக்கிறோம். 31 பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தில் வினைச்சொல் தப்பான இடத்தில் விழுந்தது. யாரோ ஒரு கேள்வி கேட்டார், தாளில் இல்லாத கேள்வி. ஓடவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றேன், சொன்னார், பதில் சொன்னேன்.

கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒரு பெண் வந்தார். அங்கே இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், ஒரு முறை அவருடைய தையல் இயந்திரத்துக்குத் தாள் எழுதியிருக்கிறேன். அவர் தங்கை ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் இருக்கிறாராம், ஆள் பற்றாக்குறையாம், "டாடேவ் தெரியுமா" என்றார். தெரியாது, கற்றுக்கொள்வேன் என்றேன். பனிக்குல்லா அண்ணா, பெஞ்சு!

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் வந்து வேலை செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுப்பார்களா தெரியாது. இரவு தூக்கம் வரவில்லை.

#25 பனிக்குல்லா

மைத்துனன் இல்லை, தங்கை. எதிர்க்கட்சி, குறித்துக்கொள்ளுங்கள்.

#26 எதிர்க்கட்சி

குறித்துக்கொண்டேன். ஒப்பீட்டுச் சான்றிதழை ஒரு நகல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சம்பளப் பேச்சு வந்தால் 9 வருட அனுபவத்தைப் பயிற்சியாளர் விலைக்கு விற்க வேண்டாம்.

#27 ஐந்தொகை

நகல் பைக்குள் வைத்தாயிற்று அண்ணா. ஒரே ஒரு சந்தேகம், அக்கா யாராவது பதில் சொல்லுங்கள். ரிப்பேர் கஃபேயில் எல்லாரையும் "டூ" என்று நீ போட்டுத்தான் பேசுகிறோம், 80 வயதுத் தாத்தாவையும். எனக்கு இப்போது மரியாதையான "ஸீ" (நீங்கள்) போட்டு வினைச்சொல்லை மாற்றுவதே மறந்துவிட்டது. அலுவலகத்தில் எது?

#28 தூரத்துப்பச்சை

அவர்களே "டூ" சொல்லச் சொல்லும் வரை "ஸீ". செவ்வாய் மாலை இங்கே வந்து எழுதுங்கள். போன் பண்ணினாலும் சரி, எண்ணைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

#29 ஐந்தொகை

போனே பண்ணுகிறேன்.